பதினேழாம் குழாய்

போன மாதம் யார்டிலிருந்து இசக்கி போன் செய்தான். பேட்டைக்கு வெளியே, எண்ணெய்க் கிணறுகளிலும் எரிவாயுக் கிணறுகளிலும் இறக்கும் இரும்புக் குழாய்களைச் சோதித்து அனுப்பும் யார்டு அது. ஓய்வு பெறும்வரை நான் அங்கே பரிசோதகனாக இருந்தேன். எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவன் இசக்கி. நாற்காலி என்று சும்மா சொல்கிறேன். அந்த வேலையில் யாரும் உட்கார்ந்ததே கிடையாது.

"அண்ணாச்சி, புது மெஷின் வந்திருக்கு. குழாய உள்ள வுட்டா மயிரிழை கீறலக்கூடக் காட்டிக் குடுத்துருது. புதுசா சேந்த பயலுவ, மெஷின் இல்லாத காலத்துல எப்படிப் பாத்தாவன்னு கேக்கானுவ. நீங்க நாலு பக்கம் எழுதித் தாங்களேன். ஆண்டு மலர்ல போடுதோம்."

"எதைலே எழுத?"

"உங்க சாதனைய எழுதுங்க."

சாதனையாம்! குழாய் துடைத்தவனுக்கு என்ன சாதனை? நான் பார்த்து அனுப்பிய குழாயெல்லாம் பூமிக்குள் போய்விட்டது. ஒழுங்காக அனுப்பியதை இனி யாரும் போய்ப் பார்க்க முடியாது. தப்பாக அனுப்பியதையும் பார்க்க முடியாது. எங்கள் தொழிலின் சிக்கலே இந்த இரண்டாவது விஷயம்தான். ஆகவே நான் செய்த ஒரு தப்பைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் இசக்கி பாடு.

பேட்டை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, அங்கேயே ஒரு லேத் பட்டறையில் பதினோரு வருடம் கிடந்தேன். பட்டறை முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. வாசலைத் தாண்டும் எந்தச் சாமானும் நம்பர் இல்லாமல் போகக் கூடாது. பெயின்டில் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார். நம்பர் பஞ்ச்தான் வேண்டும். விரல் நீள எஃகுக் கட்டை, நுனியில் ஒரு எண் புடைத்திருக்கும். இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் எண் பதிந்துவிடும். "பெயின்ட் அழிஞ்சிரும்வே, இது அழியுமா? ரெண்டு முனையிலயும் அடியும். ஒரு முனை மண்ணுக்குள்ள கெடந்தாலும் மத்த முனைய பாத்துக்கிடலாம்" என்பார்.

நான் யார்டு வேலைக்குக் கிளம்பிய அன்று ஒரு தகரப் பெட்டி நிறையப் பஞ்ச் கொடுத்து அனுப்பினார். பூஜ்யத்திலிருந்து எட்டு வரை. ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. அந்தப் பெட்டி எனக்குப் பெரிய கௌரவம். யார்டில் எல்லோரும் சாக்கட்டியால் நம்பர் எழுத, நான் மட்டும் டங் டங்கென்று அடிப்பேன். சாதாரணக் குழாய்க்கு அதில் ஒரு குற்றமும் இல்லை. மேலதிகாரிகள்கூட, "சுடலை அடிச்ச நம்பர்னா கண்ண மூடிட்டு வாசிக்கலாம்" என்பார்கள். மனுஷன் கெட்டுப்போக இவ்வளவு பாராட்டுப் போதும்.

அப்புறம்தான் அந்தப் புதுக் குழாய் வந்தது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிணறு தோண்டும்போது மண் சரியாமலிருக்க இரும்புக் குழாய் இறக்குவார்கள். இன்னும் ஆழம் போனதும், அதற்குள் நுழைகிற சின்னக் குழாய். அதற்குள் அதைவிடச் சின்னது. பெரிய டம்ளருக்குள் சின்ன டம்ளர் மாதிரி, கீழே போகப் போகக் கிணறு ஒல்லியாகிக்கொண்டே போகும். நடுவில் எதிர்பாராமல் ஒரு மோசமான பாறை அடுக்கு வந்து தோண்டுவதற்காக உள்ளே செலுத்துகிற சேற்றுநீரை எல்லாம் குடித்துவிட்டதென்றால், அதை அடைக்க ஒரு குழாய் கூடுதலாக இறக்கியாக வேண்டும். இறக்கினால் கிணறு இன்னும் ஒல்லியாகிவிடும். வாயு இருக்கிற ஆழம் வரை போக முடியாது. அவ்வளவு செலவும் வியர்வையும் மண்ணாகப் போகும்.

இந்தப் புதுக் குழாய் அதற்கு மருந்து. ஒல்லியாகவே உள்ளே இறக்கி, அடியில் ஒரு எஃகுக் கூம்பை வைத்து, தண்ணீர் அழுத்தத்தால் அதைக் கீழிருந்து மேலே தள்ளுவார்கள். கூம்பு ஏற ஏறக் குழாய் பருத்து, அப்படியே நின்றுவிடும். கிணற்றின் அகலம் அவ்வளவாகக் குறையாது.

இதை வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி செல்லம்மாள் நம்பவே இல்லை.

"இரும்ப ஊதிப் பெருக்குவாவளா? பலூனா அது? கிழியாதா?"

"கீறல் இல்லாத வரைக்கும் கிழியாது."

"அப்ப கீறலைப் பாக்கதுதான் உங்க வேலையா?"

"ஆமா."

"எம்மா! அப்ப கண்ணாடிய மாத்துங்க முதல்ல. ஊசியில நூலக்கூட நான்தான கோத்துத் தாரேன்" என்றாள். ஒரே பேச்சில் என் உத்தியோகத்தை அளந்துவிட்டாள்.

அந்தக் குழாய்களுக்குப் பொறுப்பாக ஒரு பொறியாளரைப் போட்டார்கள். ஜெபா மேடம். பாளையங்கோட்டைக்காரர், அம்மா அங்கே பள்ளிக்கூடத்து டீச்சர். மேடத்துக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்காது. எனக்கு நாற்பத்தாறு. நேற்று வந்த பிள்ளை எனக்குச் சொல்லித் தருவதா என்று முதல் ஒரு மாதம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தேன். உண்மையைச் சொல்வதற்கென்ன, பொறாமைதான்.

அவருடைய முறை என்ன தெரியுமா? யார்டுக்குள் வந்ததும் வாட்சைக் கழற்றுவார், வளையலைக் கழற்றுவார். எங்களையும் மோதிரம், அரைஞாண் சாவி, பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போடச் சொல்வார். கிரேனில் இரும்புச் சங்கிலி போய் நைலான் பட்டை வந்தது. குழாயை வைக்கிற மரக்கட்டைகளில் ஆணித் தலை தெரியாமல் ரப்பரைச் சுற்ற வேண்டும். அப்புறம் பஞ்சு. குழாயைக் கழுவிக் காயவைத்து, நான்கு பேர் நான்கு பக்கம் நின்று, உள்ளங்கையில் பஞ்சை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பைய இழுத்துக்கொண்டு வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலிலும் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும். மாட்டினால், "தட்டுது மேடம்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் வந்து ஆழம் அளக்கும் கருவியை வைத்துப் பார்ப்பார். குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் தேய்த்துச் சமன் செய்யலாம். தாண்டினால் குழாய் ஓரமாகப் போய்விடும். பன்னிரண்டு மீட்டர்க் குழாய் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

கடைப் பஞ்சு சரிப்படவில்லை, ஒரே தூசி. செல்லம்மாள் விக்கிரமசிங்கபுரத்துக்காரி, அவள் தம்பி நூல் மில்லில் வேலை பார்த்தான். அவனிடம் கேட்டு நீள இழைப் பஞ்சாக வாங்கிக் கொடுத்தவன் நான்தான். உதவியும் செய்வேன், நக்கலும் அடிப்பேன். ஒரு நாள், "இது குழாயா, கல்யாணப் பொண்ணா மேடம்? தொட்டுத் தொட்டுல்லா பாக்க வேண்டியிருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"கல்யாணப் பொண்ணுன்னா வீட்டுக்குத் திரும்பி வரும் அண்ணாச்சி. இது வராது" என்றார். அத்தோடு என் நக்கல் நின்றது.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரே ஒரு பழக்கம். நாம் சொன்னதை, வார்த்தை மாறாமல், நிதானமாக நமக்கே திருப்பிச் சொல்வார். கடைசியில், "அப்படித்தானே அண்ணாச்சி?" என்பார். நாம் அரைகுறையாகச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் நெளிவோம். சத்தம் போட்டுக் கேட்டால்கூடப் பரவாயில்லை, எதிர்த்துப் பேசிவிடலாம். இதற்கு என்ன பதில் சொல்வது?

அந்த வருடம் ஐப்பசியில் அடைமழை. ராமநாதபுரம் பக்கம் ஒரு கிணற்றில் சேற்றுநீர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இருபத்தாறு குழாய் உடனே வேண்டும் என்று தகவல் வந்தது. மேடம் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் வேலை அதுதான். நான்கு நாள் பஞ்சைப் பிடித்து இருபத்தாறையும் முடித்தோம். துரு ஏறாமல் எண்ணெய் தடவி, பெயின்ட் பேனாவால் ஒன்று முதல் இருபத்தாறு வரை எழுதினோம். ஒவ்வொரு குழாயின் நீளமும் கொஞ்சம் வித்தியாசப்படும். எது எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பதால் வரிசை மாறக் கூடாது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு தாள். அதில் மேடத்தின் கையெழுத்து.

விடிந்ததும் லாரியில் ஏற்றினோம். மழை விட்டபாடில்லை. மேடம் ஆபீசில் கிணற்றுக்காரர்களோடு போனில் இருந்தார். பதினேழாவது குழாய் நைலான் பட்டையில் தொங்கி வரும்போது பார்த்தால், நம்பரைக் காணோம். எண்ணெய் மேல் எழுதியது மழையில் வழிந்து போயிருந்தது. திரும்ப எழுதினால் ஈரத்தில் பேனா பிடிக்கவில்லை. டிரைவர் ஆரன் அடிக்கிறான். அப்போது எனக்கு உதவியாளாக இருந்த இசக்கி என் தலைக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

என் கை ஓரத்தில் கிடந்த தகரப் பெட்டிக்குப் போனது. ஒன்று, ஏழு. டங், டங். நடந்து மறுமுனைக்குப் போனேன். டங், டங். "ஏத்துலே!" என்றேன்.

அவ்வளவுதான். அதைச் செய்யும்போது என் மனதில் எதுவுமே இல்லை. நான்கு நாள் அந்தக் குழாயைப் பிள்ளையைத் தடவுவது மாதிரி தடவிவிட்டு, கடைசியில் நானே அதன் தோலில் எஃகை வைத்து அடித்தேன். பருக்கப் போகிற குழாயில் ஊசி முனை அளவு குழி இருந்தாலும் அங்கேயிருந்துதான் கிழியும் என்று எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

லாரி போய்விட்டது. மத்தியானம் சாப்பிடப் போகும் முன்னால், சட்டைப்பையில் போட்டிருந்த பஞ்ச் இரண்டையும் பெட்டியில் வைக்க எடுத்தேன். ஈரமாக இருந்தன. பக்கத்தில் கிடந்த பஞ்சை எடுத்துத் துடைத்தேன். ஏழின் மூலையில் இழை மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

"தட்டுது மேடம்" என்று என் வாயே சொன்னது. பக்கத்தில் யாரும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உடனே ஓடிப் போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. சோற்று வாளியைத் திறக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முனையில்தானே அடித்தோம், ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நிறைய நேரம் யோசித்தது வேறொன்றை. குழாய் போகப் போவது இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு. கிழிந்தாலும் யார் இறங்கிப் பார்க்கப் போகிறார்கள்? குழாய் செய்தவன் தப்பென்பார்கள். இல்லையென்றால் சோதித்தவர் தப்பென்பார்கள். தாளில் இருப்பது என் கையெழுத்தில்லை. அதை நினைத்த மாத்திரத்தில் எனக்கு என்மேலேயே அருவருப்பாக வந்தது. மகள் வயசில் ஒரு பிள்ளை நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, நாம் அதன் பின்னால் ஒளியப் பார்க்கிறோமே என்று எழுந்தேன்.

ஆபீசில் மேடம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் மூடியைத் திரும்ப வைத்து மூடினார்.

"பதினேழாம் நம்பர் குழாயில, முனையில, பஞ்ச் வச்சு நம்பர் அடிச்சிருக்கீங்க. அப்படித்தானே அண்ணாச்சி?"

ஆமா என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

"ரெண்டு முனையிலயும் மேடம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் போனை எடுத்தார்.

கிணற்றுத் தளத்தின் பொறுப்பாளர் நாகப்பட்டினத்துக்காரர். வெடுக்கென்று பேசுகிற ஆள். அவர் குரல் எனக்கு நின்ற இடத்தில் கேட்டது. "என்னம்மா விளையாடுறீங்களா? லாரி இப்பதான் உள்ள வருது. கிணறு குடிச்சிக்கிட்டே இருக்கு. அந்த ஒண்ண விட்டுட்டு மிச்சத்த இறக்கவா?"

"வேண்டாம் சார். குழாய் பருக்கும்போது நீளத்துல குட்டையாகும். அதையும் சேத்துத்தான் இருபத்தாறு. ஒண்ணு குறைஞ்சா மேல இருக்க குழாய எட்டிப் பிடிக்காது. ஸ்பேர் ஒண்ணு கொண்டு வாரேன்."

"எப்ப வரும்?"

"சாயங்காலம்."

"பதினாறு வரைக்கும் இறக்குவேன். அதுக்கு மேல பாதிக் குழாய உள்ள தொங்கவிட்டுக்கிட்டு நிக்க முடியாது, மண்ணு பிடிச்சிக்கும். நீங்க வரலன்னா இந்தப் பதினேழையேதான் இறக்குவேன். கையெழுத்து உங்களுது" என்று வைத்துவிட்டார்.

ஸ்பேர் குழாய் இரண்டு யார்டில் கிடந்தன. இரண்டுமே இன்னும் பார்க்காதவை. ஷெட்டுக்குள் இழுத்துப் போட்டு, மேடம், நான், இசக்கி, கிரேன் டிரைவர் நான்கு பேரும் பஞ்சைக் கையில் எடுத்தோம். அப்போது இசக்கி பைய என் காதில் சொன்னான்.

"அண்ணாச்சி, நீங்க அடிக்கும்போது நான் பாத்தேன்."

"பாத்துட்டு ஏம்லே சொல்லல?"

"நீங்க அடிச்சா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

செவிட்டில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதல் ஸ்பேரின் நடுவில் பஞ்சு தட்டியது. ஆழம் தாண்டியிருந்தது, ஓரமாகத் தள்ளினோம். நேரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதில் கை வைத்தோம். இன்னும் வேகமாக இழுக்கலாமே என்று என் கை துடித்தது. எதிர்ப்பக்கத்தில் மேடத்தின் கை எப்போதும் போலவே பைய நகர்ந்தது. அவரைப் பார்த்து நானும் பைய இழுத்தேன். அந்த ஒரு மணி நேரம் மாதிரி நீளமான ஒன்றை நான் என் பிரசவ வார்டு வராந்தாவில்கூடப் பார்த்ததில்லை. என் என்றால், செல்லம்மாளின் பிரசவம்! குழாய் சுத்தமாக இருந்தது. இந்தத் தடவை ஒரு துணியில் நம்பரை எழுதிக் கயிறு போட்டுக் குழாயில் கட்டினோம்.

குழாயோடு நீள லாரி முன்னால் போக, நானும் மேடமும் ஜீப்பில் பின்னால் போனோம். தாமிரபரணிப் பாலத்தில் ஏறும்போது ஆறு செம்மண் நிறத்தில் கரையை உரசிக்கொண்டு ஓடியது. வல்லநாடு தாண்டும்வரை மேடம் வாயைத் திறக்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"திட்டிருங்க மேடம். பேசாம வாரது ஒரு மாதிரியா இருக்கு."

"திட்டுனா லாரி வேகமாப் போகுமா அண்ணாச்சி?"

"போகாது."

"எனக்குப் பயமா இருக்கு. திட்டுறதுக்கெல்லாம் தெம்பில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "நீங்க வந்து சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியது அவருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான்.

தூத்துக்குடி தாண்டி, கடற்கரைச் சாலையில் எத்தனை லாரிக்குப் பின்னால் எங்கள் லாரி மாட்டிக்கொண்டது என்பதை எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. பொழுது மயங்குகிற நேரத்தில் தளத்துக்குள் நுழைந்தோம். கிணற்றின் இரும்புக் கோபுரத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். தரையில் அடுக்கிய குழாய்களை எண்ணினேன். ஒன்பது கிடந்தது. பதினாறு உள்ளே போயிருந்தது. தனியாக ஓரத்தில், இரண்டு மரக்கட்டைமேல், பதினேழு கிடந்தது. வழியெல்லாம் பெய்த மழையில் மற்றக் குழாய்களின் நம்பரெல்லாம் மங்கிப் போயிருக்க, அது ஒன்றில் மட்டும் எண் பளிச்சென்று தெரிந்தது. பட்டறை முதலாளி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பொறுப்பாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். திட்டப் போகிறார் என்று பார்த்தால், "பதினாறாவது குழாய இறக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கிட்டோம். இதுக்கு மேல பொறுமையா இறக்கணும்னா எனக்குப் பரதநாட்டியம்தான் ஆடத் தெரியணும்" என்றார். போனில் அவ்வளவு கத்திய மனுஷன்! மேடம் கை கூப்பினார்.

"யாரு அடிச்சது இத?" என்று பொறுப்பாளர் பதினேழைக் காட்டிக் கேட்டார்.

மேடம் வாயெடுக்கும் முன் நான் முன்னால் போய், "நான்தான் சார்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்து டீ குடிங்க" என்று போய்விட்டார்.

மறுநாள் காலையில் கூம்பை ஏற்றினார்கள். நாங்கள் தள்ளி நின்று அழுத்தமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கூம்பு அடியிலிருந்து ஏறுவதால், முதலில் இறக்கிய முதல் குழாய்தான் முதலில் பருக்கும். ஒரு குழாயும் அடுத்ததும் சேர்கிற இடம் வரும்போது முள் ஒரு துடிப்புத் துடித்து அடங்கும். ஒவ்வொரு துடிப்பாக எண்ணினேன். பதினாறு. அடுத்து எங்கள் ஸ்பேர். முள் அசையாமல் நின்றது. கிழிந்தால் முள் சடாரென்று விழும் என்று சொல்லியிருந்தார்கள். மேடத்தின் கை என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. அவருக்கே அது தெரியவில்லை. முள் துடித்தது, அடங்கியது. பதினேழு முடிந்தது. நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தாறும் பருத்து மேல் குழாயைக் கவ்வியது. கிணறு குடிப்பது நின்றது. பிறகு வாயுவும் வந்தது என்று கேள்விப்பட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மேடம் அறிக்கை எழுதினார். அதில் என் பெயர் இருந்தது. பரிசோதனையிலிருந்து என்னை நீக்கி ஆறு மாதம் ஸ்டோரில் போட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! நானாகப் போய்ச் சொன்னவன் இல்லையா? பெயரைப் போடாமல் விட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? எதிரே வந்தால் ஒதுங்கிப் போனேன். வணக்கம் சொன்னாலும் முனகுவேன். பஞ்சு வாங்கித் தருவதையும் நிறுத்திக்கொண்டேன். சின்னப் புத்தி, வேறென்ன சொல்ல.

மூன்றாவது மாதம் இசக்கி ஸ்டோருக்கு வந்தான். "அண்ணாச்சி, மேடம் கூப்பிடுதாவ. பதினேழ ஊதப் போறாவளாம்."

திரும்பி வந்த அந்தக் குழாயின் இரண்டு முனையையும் அறுத்து எடுத்திருந்தார்கள். ஒரு துண்டை மேடையில் பொருத்தி, உள்ளே கூம்பைத் தள்ளினார்கள். எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி அவமானப்படுத்தத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கூம்பு எண்ணுக்கு நேரே வந்ததும் பட்டென்று ஒரு சத்தம். ஏழின் மூலையிலிருந்து ஆரம்பித்து, சாண் நீளத்துக்குக் குழாய் வாயைப் பிளந்தது. அது கீழே நடந்திருந்தால்!

மேடம் என்னைத் தனியாக அழைத்துப் போய் அறிக்கையை நீட்டினார். "நீங்க இத வாசிக்கவே இல்லன்னு இசக்கி சொன்னான். நான் தமிழ்ல சொல்றேன், கேளுங்க" என்று அவருக்கே உரிய நிதானத்தில் வாசித்தார். "சோதனை முடிந்த குழாயை லாரியில் ஏற்றும்வரை உடனிருக்கத் தவறியவர், ஜெபா. குழாயில் எண் அடித்தவர், சுடலைமுத்து. யாரும் கேட்காமல் தானே வந்து அதைத் தெரிவித்தவர், சுடலைமுத்து. தெரிவித்திராவிட்டால் கண்டுபிடிக்க வழி இல்லை."

முதல் பெயர் அவருடையது. அந்த வருடம் அவருக்கு வரவிருந்த பதவி உயர்வும் அதனால் தள்ளிப் போனதாக இசக்கிதான் பிறகு சொன்னான்.

"இதான் நடந்தது. அப்படித்தானே அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"அப்படித்தான் மேடம்" என்றேன். அடுத்த வாரமே மச்சினனிடம் பஞ்சுக்குச் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு சாதாரணக் குழாயில்கூட நான் நம்பர் அடித்ததில்லை. தகரப் பெட்டி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, பரணில். மேடம் இப்போது வடக்கே பெரிய பொறுப்பில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார்.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்று இசக்கிக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

"மெஷின் மெஷின்னு பீத்துதியே, அது சரியாப் பாக்குதா இல்லையான்னு எப்படிலே தெரியும்?" என்று கேட்டேன். வாயைக் கிளறத்தான் கேட்டேன்.

"அதத்தான் சொல்லணும்னு இருந்தேன் அண்ணாச்சி. அன்னைக்கு அறுத்ததுல ஒரு முனையத்தான ஊதிக் கிழிச்சோம்? மத்த முனைய மேடம் எண்ணெய் தடவிப் பத்திரமா வைக்கச் சொல்லிட்டுப் போனாவ. தெனம் காலையில முதல்ல அதத்தான் மெஷினுக்குள்ள வுடுதோம். உங்க பதினேழப் பாத்து மெஷின் கத்துச்சின்னாத்தான் அன்னைக்கு வேல ஆரம்பிப்போம். கத்தலன்னா அன்னைக்கு ஒரு குழாயும் வாசல் தாண்டாது."

செல்லம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சத்தமாக் கத்துதாலே?" என்று கேட்டேன்.

"காதப் பொத்தணும் அண்ணாச்சி."

"நல்லாக் கத்தட்டும்" என்றேன்.